டெல்பியில் கொம்பையா கேட்ட குறி

கொம்பையா வாயைத் திறந்தா, கேக்கிற ஆளுதான் பிரேக் போடணும். அவன் ஓட்டின பஸ்ஸுக்குப் பிரேக் உண்டு. அவனுக்குக் கிடையாது.

முப்பத்தோரு வருசம் அரசாங்க பஸ் ஓட்டினவன். தென்காசி-பாபநாசம் ரூட்டு. நான் அதே டிப்போவுல டைம்கீப்பர். பஸ் லேட்டா வந்தா ஏன்னு கேட்டு எழுதுறது என் வேலை. ஒருதடவை பத்து நிமிசம் லேட்டு. நடுரோட்டுல மயில் ஆடிக்கிட்டு இருந்துச்சு, ஆட்டம் முடியாம ஹாரன் அடிக்க மனசு வரலைன்னான். நானும் "காரணம்: மயில்"னு எழுதி மேல அனுப்பினேன். மேல இருந்து மெமோ வந்துச்சு. அவனுக்கில்ல, எனக்கு.

இப்ப எல்லாரும் ரிட்டயர் ஆயாச்சு. எங்க கூட வேலை பாத்த ஒருத்தர் மகளுக்குப் போன மாசம் தென்காசியில கல்யாணம். வேன் பிடிச்சுப் போனோம். பந்தியில உக்காந்து சாப்பிட்டுத் திரும்பி வரும்போது, கடையம் தாண்டினதும் பின்டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்துப் பாத்தா அதுலயும் காத்து இல்ல. வேன் டிரைவர் டயரைக் கழட்டி லோடு ஆட்டோ ஒண்ணுல ஏத்திக்கிட்டு, பஞ்சர் கடை தேடிப் போயிட்டாரு. மணி ரெண்டு பதினேழு. வேன் ஜாக்கி மேல ஒத்தைக்கால்ல நிக்குது. நாங்க ரோட்டோரம் புளிய மரத்து நிழல்ல உக்காந்தோம்.

கொம்பையாவுக்கு எதிர்த்தாப்புல ஆவுடையப்பன் உக்காந்தாரு. கண்டக்டர். பத்தொம்பது வருசம் கொம்பையா பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவரு. அவன் சொல்றதை நம்பாம இருக்கிறதே அவருக்குப் பாதி உத்தியோகம். மெக்கானிக் மிக்கேல் ஜாக்கியை விட்டு நகர மாட்டேன்னு வேன் பக்கத்துலயே குத்தவச்சுட்டான். கொம்பையா சம்சாரம் பிரம்மசக்தி முந்தானையால விசிறிக்கிட்டு ஒரு கல்லுல உக்காந்திருந்தா.

ஆவுடையப்பன்தான் பேச்சை ஆரம்பிச்சாரு. "மதினி, மக ஊருக்கு எப்பம் கெளம்புதிய?"

"வர்ற இருவதாந் தேதி அண்ணாச்சி. தையில பிரசவம். மூணு மாசம் கூட இருந்துட்டு வரணும்."

அவங்க மக இந்துமதி இருக்கிறது ஏதென்ஸ்ல. மருமகனுக்கு அங்க ஒரு கப்பல் கம்பெனியில வேலை.

"கொம்பையா அண்ணாச்சி?"

"அவுக வரலையாம்."

"நான் எதுக்கு வே?"ன்னான் கொம்பையா. "மூணு மாசம் என்ன, மூணு வருசம் நானே பொங்கித் தின்னுட்டு இருப்பேன். போன சித்திரையிலதான் ஒரு மாசம் இருந்து அந்த ஊரை ஒழுங்கு பண்ணிட்டு வந்தேம்லா? மறுபடி என்ன சோலி?"

அந்த ஒரு மாசக் கதையை அவன் சொல்லிறக் கூடாதுன்னு ஆறு மாசமா நாங்க எல்லாரும் ரோட்டுல அவனைக் கண்டா சந்து வழியாப் போயிட்டிருந்தோம். இன்னைக்குச் சந்து இல்ல. டயரும் இல்ல.

"டெல்பின்னு ஒரு ஊரு," ஆரம்பிச்சுட்டான். "பழைய கிரேக்கக் கோயிலு, ரெண்டாயிரத்தைந்நூறு வருசம். மருமகனுக்கு லீவு கிடைக்கலை. மாமா நீங்களும் அத்தையும் மட்டும் போயிட்டு வாங்கன்னு, ஒரு நாளைக்குத் தனி காரு. தனி டிரைவரு. தனி கைடு. காலையில ஏழு மணிக்கு வாசல்ல வந்து நிக்கி."

ஆவுடையப்பன் பிரம்மசக்தி பக்கம் திரும்பினாரு. "மெய்யா மதினி?"

"காரு வந்தது மெய்தான். டிரைவரும் கைடும் ஒரே ஆளுதான்."

"ஒரே ஆளுதான். ஆனா ரெண்டு ஆளு வேலை," கொம்பையா விடலை. "பேரு ஸ்பிரோஸாம். எனக்கு வாயில நுழையல. சுப்பையான்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தான். காரு நீளம் எவ்வளவுங்கேரு? சுப்பையா முன்னால பிரேக் போட்டா, பின்சீட்டுக்கு விசயம் வர கால் மணி நேரம் ஆவும்."

"அப்பம் நீரு இன்னும் வந்து சேந்திருக்க மாட்டீரே."

"கேளும் வே. மலை ஏறுது. பாபநாசம் மலையெல்லாம் இதுகிட்ட ஸ்பீடு பிரேக்கரு. சுப்பையா ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அமுக்குதான், அமுக்குதான். எனக்குப் பொறுக்கலை. தம்பி, நீ தள்ளி உக்காருன்னு நானே வாங்கி ஓட்டுனேன்."

"அங்க ஸ்டியரிங் இடது பக்கமாம்லா?"

"ஆமா. நான் வலது பக்கம் உக்காந்தே ஓட்டினேன்."

மிக்கேல் அங்க இருந்தபடியே தலையைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி குனிஞ்சுக்கிட்டான்.

"ஒரு வளைவு வே! முன்னால ஒரு காரு மெதுவாப் போவுது. ஹாரன் அடிக்கேன், வழி விட மாட்டேங்கான். என்ன திமிருன்னு ஒட்டிப் போய்ப் பாக்கேன். அவன் பின்கண்ணாடி வழியா நம்ம பிரம்மசக்தி வச்ச புளியோதரைத் தூக்குச்சட்டி தெரியுது. எங்க காரேதான்! அப்படி வளைவு. எங்க பின்பக்கத்துக்கு நாங்களே சைடு கேட்டுட்டுப் போறோம்."

"மதினி?"

பிரம்மசக்தி விசிறுறதை நிறுத்தலை. "இவுக பின்சீட்டுல உக்காந்துக்கிட்டு வளைவுக்கு வளைவு தரையை மிதிச்சாவ அண்ணாச்சி. அந்தப் பையன் மூணு தரம் திரும்பிப் பாத்து, காலு வலிக்கான்னு கேட்டான்."

"மிதிச்சேன்லா? வண்டி நின்னுச்சா இல்லையா?"ன்னான் கொம்பையா.

நின்னிருக்கத்தான் செய்யும்.

"மேல அராஹோவான்னு ஒரு ஊரு. மலைச் சரிவுல வீடு, நடுவுல ஒத்தை ரோடு. நம்ம டவுன் ரத வீதியில பாதி இருக்கும். அதுல டூரிஸ்ட் பஸ்ஸு ஏழு. நாலு இந்தப் பக்கம், மூணு அந்தப் பக்கம். மூஞ்சிக்கு மூஞ்சி முட்டிக்கிட்டு நிக்கி. ஒருத்தனுக்கும் ரிவர்ஸ் எடுக்க தைரியம் இல்ல. நான் இறங்கினேன். வேட்டியை மடிச்சுக் கட்டினேன். வரலாம், வரலாம், ஒடிச்சு வா, இன்னும் ஒடி, ஹோல்டேன்! சுவத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு பல்லி போகாது. ஏழையும் எடுத்து விட்டேன்."

ஆவுடையப்பன் இடுப்புல கையை வச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "தமிழ்ல சொன்னீரு, அவன் எடுத்தான். சரி மதினி, நீங்க சொல்லுங்க."

"இது நெசம் அண்ணாச்சி."

ஆவுடையப்பன் சிரிப்பு பாதியில நின்னு போச்சு.

"ஏழு இல்ல, ரெண்டு பஸ்ஸு. அந்த ரெண்டு டிரைவரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக் கத்திக்கிட்டு இருந்தாவ. இவுகதான் இறங்கிப் போய் கையைக் காட்டிக் காட்டி எடுத்து விட்டாவ. பஸ்ஸுக்குள்ள இருந்த சனம் அம்புட்டும் கை தட்டுச்சு. ஒரு டிரைவர் இறங்கி வந்து இவுக கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

நாங்க எல்லாரும் கொம்பையாவைப் பாத்தோம். அவன் கீழ கிடந்த ஒரு புளியங்கொட்டையை எடுத்து உருட்டிக்கிட்டே, "அது என்ன பெரிய விசயம்? வண்டி மாட்டினா எடுத்து விடத்தான் செய்யணும்"னு முனங்கினான். உள்ளதைச் சொல்லிட்டா அவனுக்குக் கூச்சம் வந்துரும். ஒரு நிமிசம் ஆச்சு பழையபடி ஆக.

"அதை விடும். கோயிலுக்கு வாரும். கூரை இல்ல, சுவரு இல்ல. ஆறு தூணு மட்டும் நிக்கி. ஒவ்வொண்ணும் நம்ம வாட்டர் டேங்கு உசரம். அதுல ஒண்ணு லேசா சாஞ்சிருக்கு. சுப்பையா, இது எத்தனை வருசமா இப்படி நிக்கின்னேன். ஆயிரம் வருசம்னான். ஆயிரம் வருசமா ஒருத்தனுக்கும் கண்ணுல படலையான்னு கேட்டுட்டு, கார்ல இருந்து ஜாக்கியை எடுத்துட்டு வரச் சொன்னேன்."

இப்ப மிக்கேல் எந்திரிச்சு வந்துட்டான். "எத்தனை டன் ஜாக்கி?"

"காருக்கு உள்ளதுதான்."

"அது ஒண்ணரை டன் தாங்கும். தூணு எவ்வளவு இருக்கும்?"

"நூறு டன் இருக்கும்."

"அப்பம்?"

"மெதுவாத் தூக்கினேன்"ன்னான் கொம்பையா.

மிக்கேல் அவனையே ஒரு நிமிசம் பாத்தான். பிறகு திரும்பிப் போயி வேனுக்கு அடியில இருந்த ஜாக்கியை ஒருதரம் தடவிக் கொடுத்துட்டு உக்காந்துட்டான்.

"தூக்கி நிமித்தி, அடியில ஒரு சல்லிக்கல்லை வச்சேன். தூணு நேராயிட்டு. காவக்காரன் சந்தோசம் தாங்காம விசில் அடிக்கான், அடிக்கான், அப்படி அடிக்கான்."

"விசிலு அடிச்சது மெய்யி"ன்னா பிரம்மசக்தி. "இவுக அந்தக் கல்லுக மேல துண்டை விரிச்சு உக்காந்து தூக்குச்சட்டியைத் திறந்துட்டாவ. கல்லுல கை படக் கூடாதாம் அங்க. இவுக உடம்பே பட்டுட்டு. அந்த ஆளு ஓடி வந்தான். இவுக அவனுக்கும் ஒரு கை புளியோதரை நீட்டினாவ."

"வாங்கினானா?"

"வாங்கிட்டான் அண்ணாச்சி. தின்னுட்டு மறுபடி விசில் அடிச்சான்."

மணி மூணு அஞ்சு. டயரைக் காணோம். கொம்பையாவுக்கு இப்பத்தான் டாப் கியர் விழுந்துச்சு.

"கோயிலுக்கு மேல நாடகக் கொட்டாய். கல்லு பெஞ்சி, வரிசை வரிசையா, அஞ்சாயிரம் பேரு உக்காரலாம். நடுவுல நின்னு மூச்சு விட்டா மேல்வரிசையில கேக்கும்னான் சுப்பையா. நான் போய் நின்னு, தொண்டையைச் செருமிட்டு ஒரு சத்தம் கொடுத்தேன். தென்காசி, தென்காசி, தென்காசீ! அம்புட்டுதான். அங்கங்க போட்டோ எடுத்துட்டு நின்ன வெள்ளைக்காரன், சீனாக்காரன் எல்லாம் பையைத் தூக்கிட்டு வந்து வரிசையில நின்னுட்டான். நாப்பது பேரு! ஒரு அம்மா கைக்குழந்தையோட முன்சீட்டு கேக்கா!"

ஆவுடையப்பன் முகம் சிவந்து போச்சு. "வே, அது என் சத்தம். பத்தொம்பது வருசம் பஸ் ஸ்டாண்டுல நின்னு தொண்டை கிழியக் கத்துனது நான். நீரு சீட்டுல உக்காந்து வெத்தலை போட்டுட்டு இருப்பேரு."

"உம்ம சத்தந்தான். உம்ம ஞாவகமாத்தான் கத்தினேன்."

அதுக்கு ஆவுடையப்பனால கோவப்பட முடியலை. "மதினி, எத்தனை பேரு வந்தாவ?"

"ஒரு நாயி வந்துச்சு அண்ணாச்சி. பழுப்பு நாயி. கடைசி வரைக்கும் இவுக பின்னாலயே வந்துச்சு."

"அதுக்கு டிக்கெட்டா லக்கேஜா?"ன்னு கேட்டாரு ஆவுடையப்பன். வேன் பக்கமிருந்து மிக்கேல் சிரிக்கிற சத்தம் வந்துச்சு.

கொம்பையா எதையும் காதுல வாங்கலை. "அதுக்கும் மேல ஓட்டப்பந்தய மைதானம். அந்தக் காலத்து ராசாக்க பிள்ளைக ஓடினது. மூணு பயலுவ, ஆறடி, அரை டவுசரு, ஓடிப் பழகுதானுவ. தாத்தா, வாரீரான்னு கேட்டானுவ. நான் செருப்பைக் கழட்டி வச்சேன்."

என் உத்தியோக புத்தி சும்மா இருக்கலை. "எத்தனை நிமிசம்?"ன்னு கேட்டுட்டேன்.

"டைம்கீப்பரு கேக்காரு பாரு! கெளம்புததுக்கு முன்னாலயே வந்துட்டேன் வே. பிறகு போய்க் கெளம்புனேன்."

முப்பது வருசம் டைம் எழுதியிருக்கேன். இதை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு எனக்குத் தெரியலை.

"இவுக மைதானத்துக்கே வரலை"ன்னா பிரம்மசக்தி. "முட்டு வலி. நாடகக் கொட்டாய்ல இருந்து கோயிலுக்கே திரும்பி இறங்கிட்டாவ. நீ போய்ப் பாத்துட்டு வா, நான் நிழல்ல இருக்கேன்னு சொல்லிட்டாவ. நானும் அந்தப் பையனுந்தான் மேல ஏறினோம்."

"ஆங்! அப்பம் நான் கோயில்ல தனியா இருந்தேன்லா?" கொம்பையா சட்டுன்னு நிமிந்து உக்காந்தான். "அரைமணி நேரம். இவ கூட இல்ல. சுப்பையாவும் இல்ல. இல்லையா ஏட்டி?"

"இல்ல. அரைமணி இருக்கும்."

"அங்கதான் வே நடந்துச்சு."

அவன் குரல் எறங்குச்சு. அந்தக் கோயில் எதுக்குப் பேர் போனதுன்னு முதல்ல சொன்னான். அது குறி சொல்ற கோயில். தரையில ஒரு பிளவு, அதுக்கு மேல முக்காலி போட்டு ஒரு பொம்பளை உக்காந்திருப்பா. பிளவுல இருந்து புகை வரும். அவ ஆடி ஆடிக் குறி சொல்லுவா. சண்டைக்குப் போற ராசாவெல்லாம் தூரந்தொலைவுல இருந்து கப்பலேறி வந்து, மாசக்கணக்குல காத்துக் கிடந்து கேட்டுட்டுப் போவானாம். இதெல்லாம் சுப்பையா சொன்னது. குறி நின்னு போயி ஆயிரத்தறுநூறு வருசத்துக்கு மேல ஆச்சுன்னும் சொன்னானாம்.

"நின்னு போச்சுன்னான். நான் தூணுல சாஞ்சு உக்காந்திருக்கேன். கல்லு இடுக்குல இருந்து பொகை வருது. சாம்பிராணி வாசம். முக்காலியில ஒரு பொம்பளை. வெள்ளைச் சேலை. யாரு, பாபநாசம் டிரைவரான்னு கேக்கா."

"தமிழ்லயா?"ன்னாரு ஆவுடையப்பன்.

"நம்ம ஊரு தமிழ்ல வே. ராசாக்க எல்லாம் காத்துக் கிடந்தானுவ, உனக்குக் காத்திருப்பு கிடையாது, கேளு கொம்பையாங்கா. எனக்கு என்ன கேக்கன்னு தெரியலை. அவளே சொன்னா. உன் மக முழுகாம இருக்கப் போறான்னா. அப்பம் இந்துவுக்கு நாளே தள்ளிப் போகலை. பாத்துக்கிடும்."

"பிறகு?"

"பிறகு..." கொம்பையா புளியங்கொட்டையைத் தூரப் போட்டான். "உன் பொஞ்சாதி பிரசவம் பாக்க மறுபடி கடல் தாண்டிப் போவா. போகக் கூடாது. போனா உனக்கு ஆகாதுன்னா."

இத்தனை நேரம் எங்க மூஞ்சியைப் பாத்து அளந்தவன், இப்ப ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தான். எங்களுக்கெல்லாம் விளங்கிட்டு. மக போன் போட்டு அப்பா நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டப்ப, நான் எதுக்கு, நான் இல்லாம இங்க எதுவும் ஓடாதுன்னு வீறாப்பாச் சொன்னவன். ஊரெல்லாம் சொல்லியும் வச்சுட்டான். இப்ப அதைத் திருப்பி எடுக்க ரிவர்ஸ் கியர் விழலை.

"ஆகாதுன்னா என்னவாம்?" மிக்கேல் மெதுவாக் கேட்டான்.

"அதை அவ சொல்லலை. ஆகாதுன்னா ஆகாது."

ஒரு டிராக்டர் வைக்கோல் ஏத்திக்கிட்டுப் போச்சு. பிரம்மசக்தி மடியில விழுந்திருந்த புளிய இலையை எல்லாம் தட்டிவிட்டா. பிறகு புருசனைப் பாத்து, சாதாரணமா, உப்பு இருக்கான்னு கேக்கிற மாதிரி கேட்டா.

"அந்த அம்மாவுக்கு இடது கன்னத்துல ஒரு மரு இருந்துச்சா?"

கொம்பையா திடுக்குன்னு திரும்பினான். "ஆங்?"

"மரு. கன்னத்துல."

அவன் தன் கன்னத்தைத் தடவிக்கிட்டான். "இருந்துச்சு. பெரிய மரு."

"நெனச்சேன். அவளேதான்."

ஆவுடையப்பன் நிமிந்து உக்காந்தாரு. "மதினி, நீங்களும் பாத்தியளா?"

"மேல இருந்து இறங்கி வந்தேன் அண்ணாச்சி. அந்தப் பையன் தண்ணி வாங்கப் போயிட்டான். இவுக தூணுல சாஞ்சு, வாயைத் தொறந்து நல்ல உறக்கம். அந்தப் பழுப்பு நாயி காலடியில படுத்துக் கிடக்கு. எழுப்புவோம்னு குனியுதேன். முக்காலியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அந்த அம்மா எதுக்க வந்து நிக்கா. தாயி, உன் வீட்டுக்காரரு பாதி சொல்லிக்கிட்டு இருக்கும்போதே குறட்டை விட்டுட்டாரு, மீதியை நீ கேட்டுக்கோன்னா."

பிரம்மசக்தி முகத்துல ஒரு கோடு அசையலை.

"நீ தனியாப் போனாத்தான் ஆகாது, அவரையும் கூட்டிட்டுப் போயிருன்னா. அவரு வர மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாரே தாயின்னேன். அதெல்லாம் சொல்லுவாரு, நீ காதுல வாங்காதேன்னா. அதான் போன வாரம் மருமகங்கிட்டச் சொல்லி ரெண்டு டிக்கெட்டாப் போட்டாச்சு. முப்பத்திரெண்டு ஏ, முப்பத்திரெண்டு பி."

சொல்லிட்டு முந்தானையால மறுபடி விசிற ஆரம்பிச்சா.

ஆவுடையப்பன் நாக்கு குழறிச்சு. "மதினி... மெய்யா?"

"நான் என்னைக்கு அண்ணாச்சி பொய் சொல்லிருக்கேன்?"

ஆவுடையப்பன் என்னைப் பாத்தாரு. நான் மிக்கேலைப் பாத்தேன். மிக்கேல் சிலுவை போட்டுக்கிட்டான்.

கொம்பையா ரெண்டு தரம் வாயைத் திறந்தான், ரெண்டு தரமும் மூடிக்கிட்டான். நான் வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு இருவத்தெட்டுல இருந்து மூணு நாப்பத்தொண்ணு வரைக்கும், பதிமூணு நிமிசம், அவன் வாயில இருந்து ஒரு சொல் வரலை. டிப்போவுல யாருகிட்டச் சொன்னாலும் நம்ப மாட்டான்.

லோடு ஆட்டோ வந்துச்சு. டயரை மாட்டினாங்க. மிக்கேல் ஜாக்கியை இறக்கினான். பிரம்மசக்தி முதல்ல ஏறி, பக்கத்து சீட்டுல கைப்பையை வச்சு இடம் பிடிச்சா. எல்லாரும் ஏறுற வரைக்கும் கொம்பையா கீழயே நின்னான். கடைசியா நான் ஏறப் போனப்ப என் முழங்கையைப் பிடிச்சு இழுத்தான். வேனுக்குள்ள ஒருதரம் எட்டிப் பாத்துட்டு, என் காதுக்கிட்ட வந்தான்.

"வே, நான் உறங்கினது நெசந்தான். அப்பம் ஒருவேளை அவ வந்திருப்பாளோ?"